காபர் என்கிற பெயர்

ராட்டர்டாம் நகரத்துப் பையன்கள் 1992 வாக்கில் தங்கள் சங்கீதத்துக்கும் தங்களுக்கும் சேர்த்து ஒரே பெயரை வைத்துக்கொண்டார்கள்: காபர். முதல் எழுத்தை டச்சுக்காரர்கள் தொண்டையைச் செருமுவதுபோல உச்சரிப்பார்கள். தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. கூட்டாளி, மச்சான் என்று நாம் சொல்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருள். கொஞ்சம் கொச்சை, கொஞ்சம் வாஞ்சை. சங்கீதமோ நிமிஷத்துக்கு 160லிருந்து 200 அடி, சில பதிவுகளில் அதற்கும் மேலே. ஒவ்வொரு அடியும் உடைந்த ஒலி. ஆடுகிறவர்கள் மொட்டைத் தலையும் பளபளக்கும் விளையாட்டு உடுப்புமாக, முதல் பார்வைக்கு ஒரு படைப்பிரிவு மாதிரி இருந்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து வைக்கப்பட்ட பெயர்கள் எத்தனையோ. அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட இந்த ஒரு பெயரைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதற்குள் ஒரு சரித்திரம் புதைந்து கிடக்கிறது. ஆடியவர்களில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

முதலில் சப்தத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1983இல் டிஆர்-909 என்ற தாள யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிஜமான டிரம் போல அது ஒலிக்க வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. ஒலிக்கவில்லை. சுமார் 10,000 யந்திரங்கள் செய்ததோடு 1985இல் நிறுத்திவிட்டார்கள். யாரும் விரும்பாமல் மலிவாகிப்போன இதுவும் இதன் உடன்பிறப்பு யந்திரங்களும் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களின் கறுப்பின இளைஞர்கள் கைக்குப் போயின. ஹவுஸ் என்றும் டெக்னோ என்றும் பெயர் பெற்ற இரண்டு சங்கீதங்கள் அவற்றைக்கொண்டு உருவானவை. காபரின் பாட்டன்மார் அவர்கள்தான். பின்னால் வரப்போகிற விஷயத்துக்காக இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

அந்த யந்திரத்தின் பெரிய டிரம் ஒரு எளிய மின் அலை. உயர்ந்த சுருதியில் தொடங்கிக் கண்ணிமைக்கும் நேரத்தில் அடியாழத்துக்கு விழுகிறது. அந்த வீழ்ச்சியைத்தான் காது ஒரு குத்தாக எடுத்துக்கொள்கிறது. காபர்காரர்கள் செய்த காரியம் சொல்வதற்கு மிகச் சிறியது: மிக்ஸரில் அந்த ஒலிக்கான குமிழைக் கருவி தாங்கும் அளவுக்கு மேல் திருகினார்கள். தாங்காத கருவி அலையின் முகட்டை வெட்டிவிடுகிறது. வளைந்திருந்த அலை ஏறக்குறையச் சதுரமாகிவிடுகிறது. அப்போது முன்பு அதில் இல்லாத மேல்சுரங்கள் அதற்குள் முளைக்கின்றன. வெறும் 'தும்' என்றிருந்தது கரகரத்து, நீண்டு, இன்ன ஸ்தாயி என்று சொல்லக்கூடியதாக மாறுகிறது. அந்த அடியைச் சுருதி மாற்றி மாற்றி வைத்தால் மெட்டின் வேலையைத் தாளமே செய்துவிடும். ஒலிப்பதிவுக்காரர்கள் பிழை என்று சொல்லித் தவிர்க்கக் கற்றுக்கொடுக்கும் விஷயம் இது. பிழையே இங்கே சங்கீதத்தின் உடம்பாகிவிட்டது.

இதன் ஆரம்பத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் ராட்டர்டாம் அல்ல, ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட். மார்க் ட்ரௌனர் என்பவர் 1990இல் மெஸ்கலினம் யுனைடெட் என்ற பெயரில் வெளியிட்ட 'வீ ஹாவ் அரைவ்ட்' என்ற பதிவில் எல்லாமே தயாராக இருக்கிறது. 1991இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஆர் அண்ட் எஸ் கம்பெனி வெளியிட்ட 'மென்டாஸம்' பதிவிலிருந்து இன்னொரு ஒலி வந்து சேர்ந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் ஜோயி பெல்ட்ரம். வீடு பெருக்கும் மின்யந்திரம் உறுமுவதுபோல இருப்பதால் அந்த ஒலிக்கு ஹூவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதே வருஷம் ராட்டர்டாமில் ஹ்யூமன் ரிஸோர்ஸ் குழு 'டாமினேட்டர்' செய்தது. 1992இல் பால் எல்ஸ்டாக் ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார். யூரோமாஸ்ட் கோபுரத்தின் பக்கத்தில் பூங்காவுக்குள் இருந்த பார்க்ஸிக்ட் என்ற விடுதியில் டிஜே ராப் இந்த மாதிரித் தட்டுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். 1992 அக்டோபர் 3ஆம் தேதி ஹீரன்வேன் ஊரில், பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடக்கும் தியால்ஃப் அரங்கத்தில், தண்டர்டோம் என்ற பெயரில் முதல் பெரிய இரவு நடந்தது. அதன் பிறகு அது ஒரு தேசத்து இளைஞர்களின் விவகாரம்.

இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913 மார்ச்சில் 'சப்தங்களின் கலை' என்று ஒரு அறிக்கை எழுதினார். யந்திரங்கள் வந்த பிறகு பழைய வாத்தியங்களின் குரல் மனிதக் காதுக்குப் போதாது, ஆலையின் இரைச்சலையே சங்கீதமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கென்று பெட்டிகளும் ஊதுகுழல்களுமாக யந்திரங்கள் செய்து 1914இல் மிலானில் கச்சேரியும் நடத்தினார், அரங்கத்தில் அடிதடி. அவர் கேட்டதைக் கேட்டபடியே செய்து முடித்தவர்கள், அவர் பெயரைக்கூடக் கேள்விப்படாத இந்தப் பையன்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிர்காலவாதிகளிடம் அறிக்கை நிறைய இருந்தது, சங்கீதம் கொஞ்சம். காபரில் சங்கீதம் இருந்தது, அறிக்கை இல்லை. எதிர்காலவாதிகளின் தலைவர் மாரினெட்டி 1919இல் பாசிஸ்டுகளின் அறிக்கையை எழுதக் கைகொடுத்தவர் என்பதையும் மறந்துவிட முடியாது. சப்தத்தின் மேலும் வேகத்தின் மேலும் வைத்த பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்ற கேள்வி காபரோடு பிறந்ததல்ல.

சமூகவியல் படித்தவர்களிடம் இதற்கெல்லாம் ஒரு விளக்கம் தயாராக இருக்கிறது. ராட்டர்டாமை 1940 மே 14ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் கால் மணி நேரத்தில் தரைமட்டமாக்கின; சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். போருக்குப் பின் கான்கிரீட்டில் கட்டிய புது ஊர் அது. சேற்று நிலத்தில் தூண் இறக்கும் யந்திரத்தின் ஓசை அங்கே ஓய்ந்ததில்லை. 1962இல் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகமாகி 2004 வரை அப்படியே இருந்தது. 1966இலிருந்து கன்டெய்னர்கள் வர ஆரம்பித்ததும் மூட்டை தூக்கும் கைகளுக்கு வேலை போயிற்று. ஆகவே தூண் இறக்கும் ஓசையும் வேலை இழந்த கோபமும் சேர்ந்து காபர் ஆயிற்று என்பது விளக்கம்.

இந்தப் பிரதிபலிப்புக் கொள்கையை நாம் வேறு சந்தர்ப்பங்களில் நிறையப் பார்த்துச் சலித்தவர்கள். பக்கத்திலேயே ஆன்ட்வெர்ப் இருக்கிறது, அதுவும் துறைமுகம், அதற்கும் கன்டெய்னர்கள் வந்தன. அங்கே 1980களின் பிற்பகுதியில் தோன்றிய நியூ பீட் என்ற நடன சங்கீதம், 45 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 33இல் ஓட்டிப் பார்த்ததிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தேர் நகர்வதுபோல நகரும் சங்கீதம் அது. ஒரே தொழில், ஒரே கடல். ஒரு ஊர் வேகத்தைக் குறைத்தது, இன்னொன்று கூட்டியது. காபரின் முதல் பதிவு என்று பலர் காட்டும் தட்டு வந்த பிராங்க்ஃபர்ட்டோ வங்கிகளின் ஊர்.

ராட்டர்டாம் தன் பங்குக்குக் கொண்டுவந்தது வேறு ஒன்று என்று நினைக்கிறேன்: ஆம்ஸ்டர்டாமின் மேல் உள்ள பொருமல். தலைநகரத்தில் அப்போது ஹவுஸ் சங்கீதம் நாசூக்கான விஷயமாகிவிட்டிருந்தது. யாரை உள்ளே விடுவது என்று வாசலில் பார்த்து அனுப்பும் விடுதிகள். ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸின் முதல் வெளியீட்டின் தலைப்பே, ஆம்ஸ்டர்டாமா, அது எங்கே கிடக்கிறது என்று அர்த்தப்படும். அதைச் செய்த குழு யூரோமாஸ்டர்ஸ். தங்கள் ஊர்க் கோபுரத்தின் பெயரையே எடுத்துக்கொண்டவர்கள். ராட்டர்டாமின் முரட்டு சங்கீதத்தைப் பற்றி ஆம்ஸ்டர்டாம்காரர் ஒருவரிடம் கேட்டபோது, அது ஏதோ காபர்கள் கூடிக் கும்மாளமடிப்பது என்று சொன்னதாகவும், அந்தச் சொல்லையே எல்ஸ்டாக் விருதாக எடுத்துக்கொண்டதாகவும் ஒரு கதை பரவலாக வழங்குகிறது. கதை நிஜமோ இல்லையோ, தாழ்த்திச் சொன்ன சொல்லைத் தலையில் சூடிக்கொண்ட பாவனை நிஜம்.

அந்தச் சொல்லுக்கு வருகிறேன். ராட்டர்டாம்காரர்கள் தங்கள் ஊர்ப் பெருமைக்காக எடுத்துக்கொண்ட இந்தச் சொல் உண்மையில் ஆம்ஸ்டர்டாம் சொல். திருடர்களும் தெருவியாபாரிகளும் நாடோடிகளும் பேசிய பார்ஹூன்ஸ் என்ற குழூஉக்குறி வழியாக டச்சு மொழிக்கு வந்தது. அங்கே அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஆம்ஸ்டர்டாமின் ஏழை யூதர்கள். யித்திஷ் மொழியில் ஹாவெர். அதற்கு மூலம் ஹீப்ரு. நண்பன் என்று பொருள். அதிர்ஷ்டத்துக்கு மஸல், நல்லதுக்கு டோஃப் என்று டச்சுக்காரன் தினமும் சொல்லும் சொற்களும் இதே வழியில் வந்தவை. 1940இல் நெதர்லாந்தில் சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் 1,00,000க்கும் மேற்பட்டவர்களை வெஸ்டர்போர்க் முகாமிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் ரயிலேற்றி அனுப்பிக் கொன்றார்கள், பெரும்பாலோரை ஆஷ்விட்ஸிலும் சோபிபோரிலும். பேசியவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய நண்பன் என்ற சொல் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து அந்தச் சொல்லை மொட்டையடித்த பையன்கள் தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் சொற்பிறப்பியல் சுவாரசியம் என்று விட்டுவிடலாம். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கால்பந்துக் குழுவின் ரசிகர்களுக்கு யூதர்கள் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யூதர் அல்லாத ரசிகர்களே அதை ஏற்றுக்கொண்டு இஸ்ரேல் கொடியையும் ஆட்டுவார்கள். எதிர்க் குழுக்களின் மைதானத்தில், முக்கியமாக ராட்டர்டாமின் ஃபெயனூர்ட் ரசிகர்களிடையே, அதற்குப் பதிலாக ஒரு ஒலி எழுப்பும் பழக்கம் வந்தது. ஆயிரக்கணக்கான வாய்களிலிருந்து ஒரே நேரத்தில் 'ஸ்ஸ்' என்று. விஷவாயு திறந்துவிடப்படும் ஓசை அது. மைதானத்துக்குப் போனவர்களும் இரவில் ஆடப்போனவர்களும் பல இடங்களில் ஒரே ஆட்கள். நண்பனை ஹீப்ருவில் கூப்பிடும் வாய்தான் அந்த ஓசையையும் எழுப்பியது. சப்தங்களின் கலை என்று ருஸ்ஸோலோ எழுதியபோது இப்படி ஒரு சப்தத்தையும் அந்தக் கலைக்குள் எண்ண வேண்டிவரும் என்று நினைத்திருக்க மாட்டார்.

நடனத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. ஹாக்கன் என்று பெயர். வெட்டுதல், கொத்துதல் என்று பொருள். கால்கள் அடிக்கு அடி மாறி மாறி முன்னும் பக்கவாட்டிலும் சிறு சிறு உதையாகப் போய் வருகின்றன. கைகள் மார்புக்கு எதிரே குறுக்கும் நெடுக்குமாக வெட்டுகின்றன. உடம்பு நின்ற இடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. ஜோடி கிடையாது. ஆண் பெண் வித்தியாசமும் நடனத்தில் கிடையாது. பெண்கள் காதுக்கு மேலே பக்கங்களை மழித்துவிட்டு மிச்ச முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஆஸ்திரேலியன் என்ற பெயர் கொண்ட இத்தாலிய டென்னிஸ் உடுப்புத்தான் சீருடை. விலை அதிகம், ஆகவே அதில் தொழிலாளி வீட்டுப் பையனின் ஆடம்பரமும் இருந்தது. காலில் நைக்கி ஏர் மேக்ஸ். ஆரி வெர்ஸ்லாயஸ், எல்லி அவுட்டன்ப்ரூக் என்ற இரு ராட்டர்டாம் கலைஞர்கள் 1994இல் இவர்களை ஒருவர் பின் ஒருவராக, ஒரே நிலையில், ஒரே வெளிச்சத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். அடுக்கிவைத்துப் பார்த்தால் எல்லாரும் ஒருவரே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் முகங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வருகின்றன. பதினெட்டு வயதுக் குழந்தை முகங்கள். இந்தச் சங்கீதத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதியைவிட இந்த வரிசைப் படங்கள் எனக்கு அதிகம் சொல்கின்றன.

மொட்டைத் தலை ஒரு குறியீடு. குறியீட்டைத் திருடுவது சுலபம். காபரில் வார்த்தை குறைவு, இருப்பதும் பெரும்பாலும் சினிமாவிலிருந்து வெட்டியெடுத்த கூச்சல் அல்லது வசவு. சங்கீதம் எதையும் சொல்வதில்லை என்று தன் வாசலைத் திறந்து வைத்திருந்தது. திறந்த வாசலில் நுழைந்தவர்களில் தீவிர வலதுசாரிகளும் இருந்தார்கள். 1990களிலேயே தேசக்கொடித் துண்டுகளைச் சட்டையில் தைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அடுத்த பத்தாண்டில் அது லான்ஸ்டேல் என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டை உடுப்பின் மேல் வந்து குவிந்தது. மேல்கோட்டைப் பாதி திறந்து வைத்தால் அந்தப் பெயரின் நடுவிலுள்ள என், எஸ், டி, ஏ என்ற நான்கு எழுத்துக்கள் மட்டும் தெரியும். ஹிட்லர் கட்சியின் சுருக்கப் பெயரில் ஒரு எழுத்துத்தான் பாக்கி. கம்பெனி இதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. பள்ளிக்கூடங்கள் அந்த உடுப்பைத் தடைசெய்தன. 2004 நவம்பரில் தியோ வான் கோ கொல்லப்பட்ட சில நாட்களில் உடென் என்ற ஊரில் ஒரு இஸ்லாமியப் பள்ளி கொளுத்தப்பட்டபோது எல்லாருடைய விரலும் லான்ஸ்டேல் இளைஞர்கள் பக்கம் திரும்பியது. 2005இல் அந்த நாட்டு உளவுத்துறை, இவர்களில் சிறு பகுதியினரே தீவிரவாதிகள் என்று அறிக்கை கொடுத்தது. சிறு பகுதி என்பது எரிந்த பள்ளிக்கூடத்துக்கு எந்த வகையில் ஆறுதல் என்று எனக்குப் புரியவில்லை.

சங்கீதக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்வது அநியாயம். ஆம்ஸ்டர்டாமில் 1993இல் மோக்கும் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கியது. மோக்கும் என்றால் இடம். ஆம்ஸ்டர்டாமுக்கு யூதர்கள் வைத்த செல்லப்பெயர். அதன் உறைகளில் காபர்கள் இனவெறிக்கும் பாசிசத்துக்கும் எதிராக ஒன்றுபட்டவர்கள் என்ற வாசகம் அச்சாயிற்று. சோஸன் ஃப்யூ, டார்க் ரேவர் என்று இந்த மேடைகளின் முன்வரிசைப் பெயர்களிலேயே கறுப்பினத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஓட்டிய தட்டுக்குத்தான் அந்தக் கொடி தைத்த பையன்களும் ஆடினார்கள். டெட்ராய்ட்டை அவர்களுக்கு யார் நினைவுபடுத்துவது?

பெர்லினில் இன்னொரு பதில் வந்தது. அலெக் எம்பயரும் அவர் நண்பர்களும் 1992இல் தொடங்கிய அடாரி டீனேஜ் ரயட், இதே உடைந்த அடியை எடுத்துக்கொண்டு அதன் மேல் நாஜிகளுக்கு எதிரான கோஷத்தைக் கத்தியது. காலியான வீட்டில் கண்டவன் குடியேறுவதற்கு முன் நாமே குடியேறிவிட வேண்டும் என்ற கட்சி. உருவமா உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகள் பேசி ஓய்ந்த சண்டை அங்கே இரண்டு தட்டுகளாக வந்துவிட்டது. என் காதுக்கு அடாரி டீனேஜ் ரயட் அலுத்துப்போகிறது. கோஷம் ஒரு முறை கேட்டால் தீர்ந்துவிடுகிறது, அதற்குக் கீழே சங்கீதம் ஊழியம் செய்துகொண்டிருக்கிறது. ட்ரௌனரின் பதிவில் அந்த ஊழியம் இல்லை. இருட்டில் ஏதோ பெரியது வந்து நின்றுவிட்ட உணர்வு மட்டும் இருக்கிறது. கலை என்று பார்த்தால் என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தப் போகிறவன் காதில் எது ஒலித்திருக்க முடியும், எது ஒலித்திருக்க முடியாது என்று கேட்டால் என் ஓட்டு அசைகிறது. மோக்கும் உறையிலிருந்த வாசகத்தை அசட்டு வாசகம் என்று தள்ளவும் என்னால் முடியவில்லை. அச்சடித்த ஒரு வரியைத் தவிர அந்தச் சங்கீதத்துக்குச் சொந்தமாக வேறு வாய் இருக்கவில்லை.

அரசியல் இப்படிக் குழம்பிக்கொண்டிருக்கும்போதே வியாபாரம் தன் வேலையைச் செய்துவிட்டது. தண்டர்டோம் தொகுப்புகள் லட்சக்கணக்கில் விற்றன. 1995இல் எல்ஸ்டாக்கே 'ரெயின்போ இன் தி ஸ்கை' போன்ற, கீச்சுக் குரலும் குழந்தை மெட்டுமான பாட்டுகளுக்கு மாறினார். அதே வருஷம் மோக்கும் வெளியிட்ட டெக்னோஹெட்டின் ஹிப்பிப் பாட்டு பல நாடுகளில் ஓடியது. 1996, 1997 வாக்கில் காபரைக் கிண்டல் செய்யும் பாட்டுகளே விற்பனைப் பட்டியலில் ஏறின. ஆறு வயதுக் குழந்தைகள் பிறந்தநாள் விழாவில் ஹாக்கன் ஆடினார்கள். உடனே நிஜமான காபர் விலகிக்கொண்டான். இனவெறிக் குற்றச்சாட்டு செய்யாததைக் குழந்தைகளின் கைதட்டல் இரண்டு வருஷத்தில் செய்துவிட்டது. பிறகு வந்தது வேகம் குறைந்த, இருண்ட ஒரு வகை. அதிலிருந்து ஹார்ட்ஸ்டைல், அதன் பக்கத்தில் 2000களில் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் ஜம்ப்ஸ்டைல் என்ற குதிப்பாட்டம். குதிப்பாட்டத்தில் சுறுசுறுப்பு உண்டு, ஆபத்து இல்லை. அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை.

தண்டர்டோம் 2012இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டு 2017இல் திரும்பி வந்தது. வந்தவர்களில் நாற்பது வயது தாண்டிய பழைய ஆட்கள் நிறைய. ஞாபகத்தைக் கொண்டாடும் எந்தக் கூட்டத்தையும்போல அதுவும் இருந்திருக்கும்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, டச்சுக்காரர்கள் முன்னூறு வருஷத்துக்கு மேல் காலூன்றியிருந்த இந்தோனேசியாவிலிருந்து வந்தது. பாலித் தீவில் இக்கான் ஹரேம், காசிமின் என்ற இருவர் சேர்ந்து காபர் மோடஸ் ஒபராண்டி என்று பெயர் வைத்துக்கொண்டு 2018இலும் 2019இலும் தொகுப்புகள் வெளியிட்டார்கள். ஐஸ்லாந்தின் ப்யோர்க் 2022இல் தன் ஃபொஸோரா தொகுப்புக்குக் காசிமினைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஹீப்ருவிலிருந்து யித்திஷுக்கும், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமின் திருடர்களுக்கும், பிறகு ராட்டர்டாமின் மொட்டைத் தலைகளுக்கும் போன நண்பன் பழைய காலனிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டான். அவர்கள் சங்கீதத்தில் ராட்டர்டாமின் உடைந்த அடி அப்படியே இருக்கிறது. அதன் மேல் காமெலான் வாத்தியங்களின் சுர வரிசை, தெருவோர டங்டுட் பாட்டின் குலுக்கல், கூடவே ஜாவாவின் ஜதிலான். மூங்கிலில் பின்னிய தட்டைக் குதிரையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். மேளம் ஏற ஏற ஆடுகிறவன் மேல் ஆவி இறங்கும், கண்ணாடித் துண்டைக்கூட மெல்லுவான். சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள் அவனைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளைத் தயாராக நிறுத்தி வைத்திருப்பார்கள்.